கூடம் கோணல்தான்

என் கை மெதுவாகிவிட்டது என்று எனக்கு முதலில் சொன்னது சூப்பர்வைசர் இல்லை. ஒரு வீடியோ கேம். அதுவும் பதினான்கு வயதில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆடிய ஆட்டம்.

மகள் பாலிடெக்னிக் சேர்ந்தபோது அவளுக்காக ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கினோம். ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டியது. பென்னலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு மேஜை போட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அதில் எதையோ ஆடிக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

"இன்னாடி கேமு இது, சும்மா மௌசத் தட்டிகினே கீற?"

"நீ இன்னாம்மா பெரிசா ஆடிட்ட?" என்றாள். அவள்மேல் தப்பில்லை. அவளுக்குத் தெரிந்த அம்மா காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவள், சாயங்காலம் வந்து அரிசி களைகிறவள்.

என் பதினான்காவது வயதில், எங்கள் தெருவில் பாதிப் பேர் கம்பெனிக்கு நிலம் கொடுத்த வருஷம், வீட்டுக்கு ஒரு புதுப் பொருள் வந்து இறங்கியது. ஒரு வீட்டில் பைக், ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ். என் அப்பா கம்ப்யூட்டர் வாங்கினார். கடைக்காரன் அப்படிச் சொல்லித்தான் விற்றான். பார்க்கக் கீபோர்டு மாதிரியே இருக்கும். பின்னாலிருந்து ஒரு ஒயர் டிவிக்குப் போகும். மேலே ஒரு பிளவில் கேசட்டைச் செருக வேண்டும். ஒரு கேசட்டில் டைப்பிங்கும் கணக்கும். இன்னொன்று மஞ்சள் கேசட். அதன்மேல் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சடித்திருந்தது. ஆடிப் பார்த்தால் ஏழெட்டுதான் தேறும், மீதியெல்லாம் அதே ஆட்டம் வேறு பெயரில். பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்து ஆபீசர் ஆகிவிடும் என்று அப்பா காத்திருந்தார். நாங்கள் மஞ்சள் கேசட்டைக் கழற்றவே இல்லை.

அதில் ஆற்றைத் தாண்டும் ஆட்டம் ஒன்று. பெயர் இங்கிலீஷில் ஏதோ தப்புத் தப்பாக எழுதியிருக்கும். நாங்கள் பலகை ஆட்டம் என்போம். ஆற்றின் மேல் பலகைகள் மிதந்துகொண்டே வரும். ஒரு குட்டி ஆள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவி அக்கரை போகவேண்டும். அதில் என்னை ஜெயிக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். பிள்ளைப்பாக்கத்திலிருந்து பையன்கள் சைக்கிள் மிதித்து வந்து என்னிடம் தோற்றுவிட்டு, வந்த வழியே மிதித்துக்கொண்டு போவார்கள். பொட்டைப் பிள்ளைக்கு இது தேவையா என்று அம்மா கத்துவாள். கத்திவிட்டு அவளும் நின்று பார்ப்பாள்.

அந்தக் கைதான் பிற்பாடு எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனி. வேலைக்கு எடுக்கும் முன் ஒரு பலகையைக் கொடுத்து, சின்னச் சின்னக் குச்சிகளைத் துளைகளில் செருகச் சொன்னார்கள். மற்ற பெண்கள் பாதியில் இருக்கும்போது நான் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எங்கே கற்றாய் என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன், கேட்கவில்லை.

இதையெல்லாம் சொன்னதும் மகள், "கத வுடாத, இரு" என்று தேட ஆரம்பித்தாள். எமுலேட்டர் என்று ஒன்றை இறக்கினாள். ஒரு மெஷின் இன்னொரு மெஷினைப் போல வேஷம் கட்டும் சமாசாரம் அது. இன்றைய கம்ப்யூட்டருக்குள், இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய அந்தப் பெட்டி இன்னும் பழைய டிவியில்தான் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். மஞ்சள் கேசட்டில் இருந்தவை எல்லாம் ஒரு போட்டோவைவிடச் சின்ன ஃபைலாக வந்து உட்கார்ந்தன. திரையில் அந்தப் பச்சை ஆறும் பழுப்புப் பலகைகளும் வந்தன. மகளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

முதல் பலகையிலேயே தண்ணீரில் விழுந்தேன்.

மறுபடி விழுந்தேன். கீபோர்டு பழக்கமில்லை என்றேன். மகள் தன் தோழியிடமிருந்து ஜாய்ஸ்டிக் வாங்கி வந்து மாட்டினாள். அதிலும் விழுந்தேன். எந்தப் பலகை எப்போது வரும் என்று கைக்குத் தெரிகிறது. கை போய்ச் சேரும்போது பலகை போய்விடுகிறது. பஸ் நகர்ந்த பிறகு கம்பியைப் பிடிக்க ஓடுகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் ஒரு இம்மி பிந்தி.

"இன்னாம்மா, பிள்ளைப்பாக்கம் பசங்க சும்மா வந்து தோத்துட்டுப் போனாங்களா?" என்று மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அதே ஒரு இம்மி பிந்தல்தான் அந்த மாதமெல்லாம் லைனில் என்னைப் படுத்திக்கொண்டிருந்தது.

எங்கள் லைனில் போர்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் உயரப் பலகை, அதன்மேல் வயர் போகும் பாதை வரைந்திருக்கும், சங்கிலியில் கோத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நம் முன்னால் நகர்ந்து போகும். போர்டு நம் எல்லையைத் தாண்டுவதற்குள் வயர்களை இழுத்துப் படியவைத்து, முனைகளைக் கனெக்டர் டப்பாவுக்குள் தள்ளி, கிளிக் என்று கேட்கிறதா பார்த்து, டேப் சுற்றிவிட வேண்டும். முடியாவிட்டால் தலைக்கு மேல் ஒரு கயிறு. இழுத்தால் லைன் நிற்கும், மஞ்சள் விளக்கு எரியும், ஒரு பாட்டு மெட்டு ஒலிக்கும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு மெட்டு. என்னுடையது ஐஸ் வண்டிக்காரன் மணி மாதிரி இருக்கும். மெட்டைக் கேட்டதும் ஷெட்டில் உள்ள எல்லாருக்கும் யார் பிந்திவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். அதனால் யாரும் இழுக்க மாட்டோம். போர்டின் பின்னாலேயே பக்கத்து ஸ்டேஷன் வரை நடந்துபோய், அவள் முழங்கையில் இடித்துக்கொண்டு, முடித்துவிட்டு ஓடி வருவோம். அதற்குள் அடுத்த போர்டு வந்து நிற்கும். இல்லை, அது நிற்காது.

சூப்பர்வைசர் வயதில் சின்னவர், விழுப்புரம் பக்கம். நல்ல பையன். நான் சொல்லிக்கொடுத்த பெண்கள்தான் பாதி லைன். அதற்கு அடையாளமாக என் கையில் பச்சைப் பட்டை உண்டு. அவரே ஒரு நாள் கேன்டீனில் என் எதிரில் டீயோடு உட்கார்ந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பேக்கிங்ல ஒரு இடம் இருக்கு. உங்களுக்கும் நிம்மதி."

"நான் கேக்கலையே சார்."

"அதான்க்கா. நீங்களே மீட்டிங்ல ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா மரியாதையா முடிஞ்சுரும்."

அந்த மீட்டிங் ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் நடக்கும். நேற்றைய குறை, இன்றைய டார்கெட், பாதுகாப்பு உறுதிமொழி. கடைசியில், யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். எங்கள் லைனில் யாரையும் எடுத்துவிடுவதில்லை. அவரவர்களே முன்னால் வந்து, என்னால் முடியவில்லை, வேறு இடம் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். முட்டி வலி, கண் மங்கல், சர்க்கரை என்று ஒரு காரணமும் சொல்வார்கள். நாங்கள் கை தட்டுவோம். இத்தனை மரியாதையாகக் கழற்றிவிடுகிற இடம் வேறு எங்கேயும் இருக்குமா என்று தெரியவில்லை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். இன்னொரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். எதற்கும் பதறாத மனுஷன்.

"ஏட்டி, வேலைய விட்டா போச்சொல்லுதான்? பேக்கிங்குக்குத்தான போச்சொல்லுதான். அங்க டென்சன் கிடையாதுல்லா. வயசு ஆகுதுல்லா உனக்கும்."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு எரிந்தது. எரிந்தாலும் உள்ளே ஒரு குரல், அவர் சொல்வது சரிதான் என்றது. திரையில் பார்த்தேனே. பதினான்கு வயதில் தாவிய பலகையில் நாற்பதில் கால் வைக்க முடியவில்லை. பொய் சொல்ல அந்த மெஷினுக்கு என்ன அவசியம்? திங்கட்கிழமை மீட்டிங்கில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முட்டி வலி என்று சொல்லலாம். முட்டி யாருக்குத்தான் வலிக்கவில்லை.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, ஆட்டுக்கறி அடுப்பில் வேகும்போது கம்ப்யூட்டரைப் போட்டேன். ஆடுவதற்கு இல்லை. சும்மா அந்த முகப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று. ஆட்டம் தொடங்கும் முன் ஒரு சின்ன ராகம் ஓடும். சின்ன வயதில் எங்கள் தெருவே அதை முனகும். பல் விளக்கும்போது, குழாயடியில் குடம் நிறையும்போது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே நானும் சேர்ந்து முனகினேன். எனக்கு முன்னால் அது முடிந்துவிட்டது.

மறுபடி முனகினேன். மறுபடியும் அது என்னை முந்தியது. கடைசிப் பந்திக்கு அவசரப்படுகிற நாயனக்காரர் மாதிரி ஓடியது ராகம். ஆட்டத்தில் என் கை பிந்துகிறது, சரி. பாட்டிலும் என் வாய் பிந்துமா? நாற்பது வயதில் வாய்க்குமா கிழடு தட்டும்? எனக்கு வயதானபின் வாய்தான் வேகமாகியிருக்கிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் உண்டு. குறை வந்தால் ஆளைப் பிடிக்காதே, முதலில் மெஷினின் செட்டிங்கைப் பார். சுவரில்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். எமுலேட்டரின் மெனுவை ஒவ்வொன்றாகத் திறந்தேன். படம், சத்தம், பட்டன். ஓர் இடத்தில் ரீஜியன் என்று இருந்தது. எந்த ஊர் மெஷினாக வேஷம் கட்டவேண்டும் என்று கேட்கிற இடம். உள்ளே இரண்டு சுருக்கெழுத்துகள். மகளைக் கூப்பிட்டேன். அவள் போனில் தேடிப் படித்துச் சொன்னாள். ஒன்று ஜப்பான், அமெரிக்கா டிவிக்கு. நொடிக்கு அறுபது தடவை படம் மாறும். மற்றது நம் ஊர்ப் பழைய டிவிக்கு, ஐம்பதுதான். அந்தக் காலத்து ஆட்டம் டிவியின் தாளத்துக்குத்தான் ஓடும். இங்கே ஐம்பதில் ஓடிய பெட்டியை எமுலேட்டர் தானாகவே அறுபதில் ஓட்டிக்கொண்டிருந்தது.

ஐம்பதை அழுத்தினேன். ராகம் ஓடியது. நானும் முனகினேன். இருவரும் ஒன்றாக முடித்தோம்.

பிறகு ஆடினேன். எப்படி ஆடினேன் என்று நான் சொல்லக்கூடாது, மகளைத்தான் கேட்க வேண்டும். வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். கறி அடிப்பிடித்த வாசனை வந்தது. போய் அணைக்கச் சொன்னேன், அவள் போகவில்லை. குட்டி ஆள் அக்கரையில் ஏறிக் கையை ஆட்டினான். அடுத்த ஆறு. அதையும் தாண்டினான். என் விரல்களை நான் பார்க்கவே இல்லை. அவற்றுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

மகள் சுதாரித்துக்கொண்டாள். "ஸ்பீடக் கொறச்சு வெச்சு ஆடினா யார் வேணா ஆடலாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா கீது."

"கூடம் கோணலா இருந்தா கோணல்னுதாண்டி சொல்லுவாங்க. வேறெப்டி சொல்றது?"

"இது சீட்டிங்மா."

"இன்னா சீட்டிங்? எங்க வூட்டுக்கு வந்த பொட்டி ஓடின ஸ்பீடு இது. நான் கொறைக்கல. எவனோ ஏத்தினான், ஏத்தினவன் சொல்லல. அவனப் போய்க் கேளு."

சொல்லிவிட்டுத்தான் என் காதில் விழுந்தது நான் சொன்னது.

லைனின் வேகத்தை ஏற்றியது ரகசியம் ஒன்றும் இல்லை. டார்கெட் போர்டில் எண் ஏறிக்கொண்டே வந்ததை எல்லாரும் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் ஸ்வீட் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். இன்ஜினியருக்குத் தெரியும், சூப்பர்வைசருக்குத் தெரியும், தரை கூட்டுகிற அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும், போர்டு கையை விட்டுப் போகிற நொடியில் நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: என் கை போச்சு. இதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள் வேகத்தை ஏற்றியதுகூட அப்புறம். நானே என் கையைப் பழித்துக்கொண்டு, கூட்டத்தின் முன்னால் நின்று, முடியவில்லை என்று என் வாயால் சொல்லி, அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொள்ள இருந்தேனே.

அடிப்பிடித்த கறியை மூவரும் தின்றோம். கறி ஏன் தீய்ந்தது என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் சூப்பர்வைசர் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் முன்னால் போனேன். கை தட்டுவதற்குச் சில பேர் தயாராகவே இருந்தார்கள்.

"சார், என் கை ஸ்லோ ஆகல. நான் சேர்ந்தப்ப ஓடின லைன் வேற, இப்ப ஓடுற லைன் வேற. உங்களுக்கும் தெரியும், இங்க நிக்கிற எல்லாருக்கும் தெரியும். என்னை மாத்தணும்னா நீங்க மாத்துங்க. முடியலன்னு நான் சொல்ல மாட்டேன்."

யாரும் கை தட்டவில்லை. யாரோ ஒருத்தி இருமினாள். சூப்பர்வைசர் உறுதிமொழியை மறுபடியும் ஒரு தடவை சொல்ல வைத்தார், அதற்கு முன்பே சொல்லியாயிற்று என்பதை மறந்து.

அன்றைக்கு முதல் போர்டுகள் ஒழுங்காகப் போயின. டீக்கு முன்னால் ஒன்று பிந்தியது. பின்னாலேயே ஓடவில்லை. கயிற்றை இழுத்தேன். ஐஸ் வண்டி மணி ஷெட் முழுவதும் ஒலித்தது. நான் கிளிக் கேட்டு, இழுத்துப் பார்த்து, நிதானமாக டேப்பைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் போர்டை விட்டேன். கயிறு கட்டி வைத்திருப்பது இழுப்பதற்குத்தானே? மத்தியானத்துக்குள் மறுபடி இழுத்தேன். சூப்பர்வைசர் ஓடி வந்து, "அக்கா, ப்ளீஸ்க்கா" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தாலும் இழுத்தேன். எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொன்னால் பொய். லைன் நின்றால் ஷிப்ட் முடிந்தும் நிற்க வேண்டிவரும். பக்கத்து ஸ்டேஷன்காரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் போனாள். நான் ஜன்னலோரம் தாராளமாக உட்கார்ந்து வந்தேன்.

வீட்டில் தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் ஆடுவேன். ஐம்பதில் ஆடி முடித்துவிட்டு அறுபதிலும் ஆடுவேன். அறுபதில் நிறைய விழுகிறேன். ஆனால் அறுபது என்று தெரிந்து விழுகிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை. மகள் இப்போதெல்லாம் அறுபதில் என்னைவிட நன்றாக ஆடுகிறாள். ஐம்பதில் என் கிட்ட நெருங்க முடியாது.

என்னை மாற்றினார்கள். கதையில் வருகிற மாதிரி லைனின் வேகம் ஒன்றும் குறையவில்லை. மேலே இருந்து ஆர்டர் வந்தது, சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், நான் பச்சைப் பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். மீட்டிங் இல்லை, கைதட்டல் இல்லை. நான் கேட்கவில்லை, அவர்கள்தான் அனுப்பினார்கள்.

பேக்கிங் ஷெட் பின்பக்கம் இருக்கிறது. அட்டைப்பெட்டிகளில் கட்டுகளை அடுக்கி, ஒட்டி, லேபிள் பார்த்து அனுப்புகிற வேலை. ஏழெட்டுப் பெண்கள், எல்லாரும் ஒரு காலத்தில் லைனில் இருந்தவர்கள். என்னோடு நிற்கவிட்டது குன்றத்தூர்க்கார அக்கா ஒருத்தியை. கண்ணாடி போட்டிருந்தாள். பெட்டியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீ இன்னான்னு சொல்லி கேட்டுகினு வந்த? முட்டியா?"

"நான் கேக்கலக்கா. அவங்கதான் அனுப்பிட்டாங்க."

"கேக்காமலா?"

"லைன் ஸ்பீடா ஓடுது, என் கை நல்லாத்தான் கீதுன்னு சொன்னேன். அனுப்பிட்டாங்க."

அவள் பெட்டியை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் கண்ணு தெரிலன்னு சொன்னேன். சொல்லிட்டேனேன்னு போய் ஒரு கண்ணாடியும் வாங்கி மாட்டிகினேன்."

கண்ணாடியைக் கழற்றி ஓவர்கோட் பையில் போட்டாள். எதிர்ச் சுவர் ஓரம் அடுக்கியிருந்த பெட்டியின் லேபிளில் இருந்த பொடி எழுத்தை, நின்ற இடத்திலிருந்தே, ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, ஷெட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாள்.